பெட்டைக் கோழியும் பெரட்டுக்களமும்

முதியோர் வாயில் வழங்கும் குடும்பப் பழமொழிகளை இன்று என்ன செய்வது என்ற கேள்வி ஆசிரியர்களிடையே அடிக்கடி எழுகிறது. அவை அனுபவத்தின் சாரம், அவற்றில் கை வைக்கலாகாது என்பார் ஒரு சாரார். பிற்போக்கின் எச்சம், குப்பையில் எறிக என்பார் மறு சாரார். இரு தரப்பாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. ஒரு பழமொழியால் ஆதாயம் யாருக்கு?

அட்டன் பகுதியில் நாம் கற்பிக்கும் வகுப்பொன்றில், வீட்டில் கேட்ட பழமொழி ஒன்றுக்கு விளக்கம் எழுதச் சொன்னோம். "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?" என்று தன் அப்பாயி நாள்தோறும் சொல்வதை எழுதிய மாணவி ஒருத்தி, விளக்கமாக ஒரே வாக்கியம் எழுதியிருந்தாள்: "எங்கள் லயத்தில் பொழுது விடியுமுன் எழும்புவது அப்பாயிதான்." புள்ளித் திட்டத்தில் இவ்விடைக்கு இடமில்லை. ஆயினும் அப்பழமொழி பற்றி இதனினும் கூர்மையான விமர்சனத்தை நாம் கண்டதில்லை.

இப்பழமொழி தமிழகத்துக் கிராமக் குடும்பத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிமார் அழைத்து வந்த மக்களோடு கடல் கடந்து மலையேறியது. இங்கே வாழ்க்கை மாறியது. இருள் பிரியுமுன் ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கு கட்டிக் கூடையுடன் பெரட்டுக்கு நின்றவள் பெண். தேயிலைத் தொழில் முழுவதும் அவளது விரல்களை நம்பி நின்றது. பழமொழி மட்டும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? சம்பளப் புத்தகம் அதை மாறவிடவில்லை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டில்தான். பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சென்று பெற்றுவரும் வழக்கமும் பல தோட்டங்களில் இருந்தது. அவள் உழைப்பு மலிவானது என்ற துரைமாரின் கணக்குக்கும், அவள் கூலி தனதே என்ற வீட்டுத் தலைவனின் கணக்குக்கும் ஒருசேரத் தத்துவம் வழங்கியது இப்பழமொழி.

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்பதும் இத்தகையதே. ஆனால் இதைச் சொல்லும் கிழவியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. அவள் சிறுமியாயிருந்த காலத்தில் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓரிரு ஆசிரியருடன், சில கீழ்வகுப்புகளோடு நின்றுவிட்டது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். மூடிய கதவின் முன் நின்றவளுக்கு அப்பழமொழி ஓர் ஆறுதலாயிற்று. அவ்வாறுதலே அவள் பேத்திக்கு விலங்காயிற்று.

சாதியைச் சுட்டி லயத்தில் வழங்கும் வசைமொழிகளுக்கு இந்த விளக்கமும் பொருந்தாது. அவற்றுக்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை. "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்பன வெளியார் எறிந்த சொற்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபோது, அவ்வசைக்குச் சட்டத்தின் முத்திரையே கிடைத்தது போலாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. எனினும், "நாம தோட்டக்காட்டான், நமக்கு எதுக்கு இந்த ஆசை?" என்று தந்தையே பிள்ளையிடம் கூறும் வீடுகள் இன்றும் உள. பிறர் எறிந்த கல்லை எடுத்து நம் பிள்ளைமீதே எறிவது எவ்வகை அனுபவ ஞானம்?

"வேடிக்கைக்குத்தானே சொல்கிறோம்" என்பாரும் உளர். கேட்டவள் வாய்மூடிப் போனபின் மற்றவர் சிரிப்பது வேடிக்கையாகாது.

அதே அப்பாயியின் வாயில்தான் "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பதும் வழங்குகிறது. "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பதும் வழங்குகிறது. முன்னது ஒடுக்கப்பட்டோரின் வாக்குமூலம். பின்னது சங்கம் வைத்துப் போராடியவர்க்கு விளக்கமே வேண்டாத உண்மை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே தீயிலிடுவது அறிவுடைமையாகாது. பேர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. நல்லதும் கெட்டதும் நூலில் இருக்கட்டும். அவை வரலாற்றுச் சான்றுகள். வகுப்பறையில் அவற்றை நீதிமொழிகளாக மனனம் செய்விப்பதை விடுத்து, யார் யாரை நோக்கிச் சொன்னது, எதை மறைக்கச் சொன்னது என்று மாணவரை ஆராயச் செய்வதே ஆசிரியர் கடமை.

அந்த விடையை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினாயா என்று மாணவியிடம் கேட்டோம். "காட்டினேன் சேர். சிரிச்சாங்க. அடுத்த நாளும் அதையேதான் சொன்னாங்க" என்றாள்.

இதில் வியப்பில்லை. ஒரு விடைத்தாளால் பழமொழி சாகாது. கூலியும் குடியிருப்பும் கல்வியும் மாற வேண்டும். அதுவரை அவ்விடைக்கு முழுப் புள்ளி வழங்குவதேனும் நம்மால் இயலும். வழங்கினோம்.