கைப்பைக்குள் 40 மடங்கு ஜூம்

பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் உட்காரும் இடத்துக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே 40 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து செல்போனின் 5 மடங்கு ஜூமில் எடுத்தால், படத்துக்குள் சுமார் 12 மீட்டர் அகலத்துக்கு மைதானம் வந்து உட்கார்ந்துவிடும். நம் பிள்ளையின் உயரம் படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். அதே நாற்காலியில் உட்கார்ந்து கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் கேமராவின் ஜூமைக் கடைசிவரை இழுத்தால், படத்தின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால், ஓடிவரும் சிறுமி தலைமுதல் கால்வரை படத்தை நிறைத்துவிடுவாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது தெரியும். ரிப்பன் அவிழ்ந்து பறப்பதும் தெரியும்.

வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது தனியாக ஒரு கேமரா எதற்கு என்ற கேள்விக்கு, என்னைப் பொறுத்தவரை பதில் இந்தத் தூரம் மட்டும்தான். மற்ற பல விஷயங்களில் செல்போன் முந்திவிட்டது. 2010-ல் லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு பெரிய சரிவுக்குப் பிறகும் இந்த வகைக் கேமரா உயிரோடு இருக்கிறதென்றால், செல்போனின் மெல்லிய உடலுக்குள் அடங்காத ஒன்று இதில் இருக்கிறது. நீண்டு வெளியே வரும் கண்ணாடிக் குழல்தான் அது.

எஸ்எக்ஸ்740 வெளிவந்தது 2018-ல். பேட்டரியும் கார்டும் சேர்த்து 299 கிராம், தடிமன் 4 சென்டிமீட்டர். சட்டைப்பைக்குள் போகாது, அம்மாவின் கைப்பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம்பிடிக்கும். லென்ஸின் குவியத்தூரம், முழு ஃப்ரேம் கேமராவின் கணக்கில் சொன்னால், 24 முதல் 960 மி.மீ. வரை போகிறது. 960-ஐ 24-ஆல் வகுத்தால் கிடைக்கும் 40-தான் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண். கடையில் எல்லோர் கண்ணும் முதலில் போவது அங்கேதான். ஆனால் குடும்பப் படங்களுக்கு அந்தக் கடைசி 960-ஐவிட நடுவில் இருக்கும் 85 முதல் 300 வரையிலான பகுதிதான் தினமும் உழைக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். செல்போனோடு பக்கத்தில் போய் "பாட்டி, இங்க பாருங்க" என்றதும் என்ன நடக்கும்? கீரையைத் தள்ளிவைப்பார், முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார், உதட்டை இறுக்கி நிமிர்ந்து உட்கார்வார். அடையாள அட்டைக்கு எடுத்த முகம்போல ஒன்று பதிவாகும். வாசலுக்கு அந்தப்பக்கம் நின்று 200 மி.மீ.யில் எடுக்கும்போது அவர் கை நிற்பதில்லை. பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் நிற்பதில்லை. குழந்தைகளும் அப்படித்தான். கேமரா ஒன்றரை அடிக்குள் வந்ததும் விரலை உயர்த்திப் போஸ் கொடுக்கும் பிள்ளை, பத்து மீட்டர் தள்ளி நிற்கும் அப்பாவை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது. ஒருவரை அவருடைய வேலையில், அவருடைய போக்கில் விட்டுவிட்டுப் படமெடுக்க முடிவதுதான் ஜூமின் உண்மையான பயன். காக்கையையும் நிலாவையும் கிட்டத்தில் இழுத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் மகிழ்ச்சி.

தள்ளி நிற்பதால் முகமும் சரியாக விழும். மிக அருகில் பிடித்த செல்போன் படத்தில் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸுக்கு மூக்கு எவ்வளவு பக்கம், காது எவ்வளவு தூரம் என்ற விகிதம்தான் அதற்குக் காரணம். இரண்டு மூன்று மீட்டர் விலகி 100 மி.மீ. சுற்றுவட்டத்தில் எடுத்தால், நாம் எதிரே உட்கார்ந்து பேசும்போது பார்க்கிற முகமே படத்திலும் வருகிறது.

இனி வெளிச்சம். வாங்குகிறவர் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தக் கேமராவின் சென்சார் 1/2.3 அங்குல வகை. பரப்பளவு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். உயர்விலைச் செல்போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் துளை எஃப்/3.3-லிருந்து எஃப்/6.9-க்கு ஒடுங்கிவிடுகிறது, நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். நல்ல வெயிலில் இது பொருட்டே இல்லை: ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100-லேயே ஷட்டர் 1/500 நொடிக்கு ஓடும், ஓடுகிற பிள்ளை உறைந்து நிற்கும். மரநிழலுக்கு வந்தால் அதே 1/500-க்கு ஐ.எஸ்.ஓ. 800 வேண்டும், படத்தில் லேசாகப் புள்ளி விழும், பரவாயில்லை. பள்ளி ஆண்டு விழா அரங்கில்தான் கணக்கு உதைக்கிறது. கடைசி ஜூமில், ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் ஷட்டர் பெரும்பாலும் 1/80-ஐச் சுற்றியே நிற்கும். பரதநாட்டியம் ஆடும் பிள்ளையின் கை அந்த வேகத்தில் கலங்கிப் பதியும். கேமராவுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நம் கை ஆடுவதைத்தான் தடுக்கும். மேடையில் ஆடுகிறவரை அது ஒன்றும் செய்யாது.

அதனால் என் தீர்ப்பு இதுதான்: பகலில், வெட்டவெளியில், தூரத்தில் இருப்பவருக்கு இந்தக் கேமரா. இரவில், வீட்டுக்குள், பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தி வெளிச்சத்துக்குச் செல்போன். இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்க்கிறவர் எஸ்எக்ஸ்740-ஐ வாங்க வேண்டாம்.

அரங்கு நிகழ்ச்சிகள்தான் உங்கள் வீட்டில் அதிகம் என்றால், ஒரு அங்குல வகைச் சென்சார் உள்ள கேமராவுக்குப் போங்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2019-ல் வந்த ஏழாவது பதிப்பின் ஜூம் 24 முதல் 200 மி.மீ. வரைதான். ஆனால் சென்சாரின் பரப்பு நான்கு மடங்கு, கடைசி ஜூமிலும் துளை எஃப்/4.5. கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதிலும் அது கெட்டிக்காரக் கேமரா. எடையோ கிட்டத்தட்ட அதேதான், 302 கிராம். விலைதான் வேறு தட்டில் இருக்கிறது. 200 போதாது என்பவருக்குப் பேனசோனிக் டிஇசட்200 அதே அளவுச் சென்சாரோடு 360 மி.மீ. வரை போகிறது, துளை மட்டும் கடைசியில் எஃப்/6.4. எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், பிள்ளைகள் மைதானத்தில் ஓடும் வயதில் 40 மடங்கையும், அவர்கள் மேடையேறும் வயதில் சோனியையும் வைத்துக்கொள்வேன்.

பயன்படுத்தும் விதம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆட்டோவில் விட்டால் கேமரா ஐ.எஸ்.ஓ.வைக் குறைவாக வைக்கப் பார்த்து, ஷட்டரை மெதுவாக்கிவிடும். பிள்ளைகளை எடுக்கும்போது மேல் சக்கரத்தை, ஷட்டர் வேகத்தை நாமே குறிக்கும் டி.வி. என்ற நிலைக்குத் திருப்பி 1/500 என்று வைத்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/125 போதும். புள்ளி விழுந்த படத்தைப் பார்த்து ரசிக்கலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ படங்களில் பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் அது விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும்.

நீண்ட ஜூமில் எல்லோருக்கும் வரும் தொல்லை, ஆளைத் தவறவிடுவது. 960-ல் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் பிள்ளை படத்திலிருந்து வெளியே போய்விடுவாள். மறுபடி தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஓட்டமே முடிந்திருக்கும். இதற்கென்றே இதில் ஃப்ரேமிங் அசிஸ்ட் என்றொரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் ஜூம் சட்டென்று பின்வாங்கி அகலமாகக் காட்டும், பழைய ஜூம் எங்கே இருந்தது என்று ஒரு கட்டமும் தெரியும். ஆளைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் மறுபடி அதே ஜூமுக்குப் போய்விடும். இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றை வசதி இது. வேறு பிராண்டு வாங்கினாலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பிடிக்கும் முறையும் முக்கியம். வ்யூஃபைண்டர் கிடையாது, திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஜூமில் ஆட்டம் கூடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முடிந்தால் தூணிலோ சுவரிலோ தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் திரை மங்கித் தெரிவது நிஜமான குறை. இது உங்களைத் தடுக்கும் என்றால், சின்ன வ்யூஃபைண்டரோடு 720 மி.மீ. வரை போகும் சோனி எச்எக்ஸ்99-ஐப் பாருங்கள். அதில் தொடுதிரையும் உண்டு. கேனனில் அதுவும் இல்லை.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் தாத்தாவை வெயிலில் எடுத்தால், கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கருத்த முகத்தில் கண்ணே தெரியாது. வெளிச்சத் திருத்தத்தை +2/3 ஏற்றுங்கள். வேட்டி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் வேண்டும். இரண்டாவது, கானல். காலை பத்து மணிக்கு மேல் சூடான மைதானத்துக்குக் குறுக்கே நீண்ட ஜூமில் எடுத்தால், தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்று படத்தை நெளியவைக்கும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதற்கு மருந்து இல்லை. வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் விடிகாலையில் போவது பறவைகளுக்காக மட்டுமல்ல, தெளிவான காற்றுக்காகவும்தான்.

இந்தக் கேமராவில் 2 கோடிப் புள்ளிகள் (பிக்சல்கள்) என்கிறார்கள். கடைசி ஜூமில் அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. எஃப்/6.9 துளை வழியாக வரும் ஒளி, அலை என்ற முறையில் சற்றே விரிந்து, இந்தச் சின்னஞ்சிறு புள்ளிகளில் பலவற்றை ஒன்றாக மூடிவிடுகிறது. கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஸ்டூடியோவில் 4x6 அங்குலத்தில் பிரிண்ட் போட 22 லட்சம் புள்ளிகளே போதும், ஏ4 அளவுக்கு 90 லட்சம். ஆல்பத்தில் ஒட்டப்போகும் படத்துக்கு இந்தக் கேமரா தாராளம். அந்த ஆல்பத்தைத் தயவுசெய்து போடுங்கள். மெமரி கார்டுக்குள் புதைந்து கிடக்கும் படத்தைப் பாட்டி எப்படிப் பார்ப்பார்? உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும். கேமராவிலிருந்து செல்போனுக்கு வைஃபை வழியாக மாற்றலாம். நாலைந்து படங்களுக்கு அது சரி, ஒரு கல்யாணத்துக்குக் கார்டு ரீடர் வாங்கிவிடுவது நல்லது.

பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 265 படம் தாங்கும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. விசேஷ நாளுக்கு இன்னொன்று கையில் இருக்கட்டும். என்பி-13எல் என்ற இந்த பேட்டரியைக் கேனனின் வேறு பல கேமராக்களும் பயன்படுத்துகின்றன.

லென்ஸ் நீண்டு சுருங்கும் கேமராவுக்குக் கடற்கரை மணலும் உப்புக்காற்றும் எதிரிகள். மெரினாவில் அலைக்குப் பக்கத்தில் போகாமல், தள்ளி உலர்ந்த இடத்தில் நின்று ஜூமிலேயே எடுங்கள். படம் முடிந்ததும் உடனே அணைத்துப் பைக்குள் வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தால் சென்னைப் புழுக்கத்தில் லென்ஸ் மேல் பனி படரும். ஜிப் பைக்குள் வைத்தே வெளியே கொண்டுவந்து, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும்.

பழையதாக வாங்குவதென்றால், நீண்டு சுருங்கும் லென்ஸ் வழியாக மணலும் தூசியும் புகும் என்பதால் கவனம் அதிகம் வேண்டும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் தூசி உள்ளே போய்ச் சென்சாரில் உட்கார்ந்தால், நாமே துடைக்க வழியில்லை. கடையிலேயே வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ பார்த்து, ஜூமைக் கடைசிவரை இழுத்து, துளையை மிகச் சிறியதாக வைத்து ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் வாங்க வேண்டாம். பிறகு ஜூமை ஏழெட்டு முறை உள்ளும் வெளியுமாக ஓட்டிக் காதில் வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான ஓசை வர வேண்டும். நறநறவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.