மாற்றார் கூற்றை உரைக்கும் திறம்

திருவானைக்காவிலிருந்து மேற்கு நோக்கி நடந்தால் அரைமணி நேரத்தில் திருவரங்கத்தை அடையலாம். அவ்வூரில் கம்பரை நினைவூட்டும் இடங்கள் இரண்டு உள. ஒன்று, கோயிலுக்குள்ளே தாயார் சந்நிதியின் முன்னர் அமைந்த கம்பர் மண்டபம். இராமகாதை அரங்கேறியது அங்கேதான் என்பது வழிவழிச் செய்தி. காப்பியத்தில் இரணியன் வதை புகுந்தது ஏன் என்று அவையினர் தடை எழுப்பினர் என்றும், கவிஞர் அவர்கள் முன் நின்று விடை கூறினார் என்றும் அச்செய்தி மொழியும். மற்றொன்று, கோயிலுக்கு வெளியே இராசகோபுரத்தை நோக்கி நிற்கும் பெரியார் சிலை. கம்பன் காவியத்தைக் கொளுத்த வேண்டும் என்று முழங்கிய இயக்கத்தின் தலைவருக்கு எடுத்த சிலை அது. 2006ஆம் ஆண்டு டிசம்பரில், திறப்பு விழாவுக்கு முன்பே அதன் தலை உடைக்கப்பட்டது. அம்மாதத்திலேயே சிலை மீண்டும் நிறுவப்பெற்றுத் திறக்கப்பட்டது.

மண்டபத்தில் தடை எழுப்பியவர்கள் விடையையும் கேட்டார்கள். சிலையை உடைத்த கை எதையும் கேட்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற நூலொன்று நம் மொழியில் உண்டு. அது ‘தீ பரவட்டும்’. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் எரிக்கலாமா என்னும் பொருள் பற்றி 1943ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு சொற்போர்களைச் சுமந்து வந்த நூல். பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவை எதிர்த்து நின்றவர் இரா. பி. சேதுப்பிள்ளை. மார்ச்சில் சேலத்தில் எதிர்த்து நின்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். இப்புலவர் இருவரும் சட்டம் பயின்று வழக்குரைஞராய் விளங்கியவர்கள். தலைப்பு இலக்கியமாயினும் உள்ளே கொதித்தது அரசியலே. ஆரியர், திராவிடர், சாதி, மொழி ஆகிய அனைத்தும் அவ்வுலையில் வெந்தன.

நூலின் பெயரே நெருப்பு. பொருளோ புத்தக எரிப்பு. இதில் நாகரிகம் எங்கே என்று வாசகர் வினவலாம். குரலின் மென்மையில் நாகரிகத்தைத் தேடுவோர்க்கு அது இந்நூலில் அகப்படாது. ஆயினும் ஒன்றை நோக்குக. எரிக்க வேண்டும் என்பவரும் காக்க வேண்டும் என்பவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். நடுவே ஒரு தலைவர் அமர்ந்தார். இரு சாராரும் ஒரே அவைக்குச் செவி கொடுத்தார்கள். எரிக்கச் சொன்னவர் தம் வழக்கை நிறுவக் கம்பனின் பாடல்களையே கற்று வர வேண்டியிருந்தது. தாம் பிழைபட ஓதினால் திருத்துவதற்கு எதிரே பெரும்புலவர் இருக்கிறார் என்னும் அச்சம் அவர் சொல்லுக்கு வேலியாயிற்று.

அவ்வேலி இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு அவரே எழுதிய ‘கம்பரசம்’ சான்று. அங்கு எதிர்த்தரப்பு இல்லை. ஆசிரியரே பாடலைத் தெரிவு செய்கிறார். ஆசிரியரே தீர்ப்பும் எழுதுகிறார். பெருங்காப்பியம் ஒன்றன் காமச் சுவையுள்ள பகுதிகள் மட்டும் பொறுக்கி அடுக்கப்படுகின்றன. நடை சுவையானது, எள்ளல் கூரியது. ஆனால், காப்பியத்தை விரும்புகிற ஒருவர் அதனைப் படித்து, ‘நான் கூறுவதை இவர் புரிந்துகொண்டே மறுக்கிறார்’ என்று ஒருபோதும் எண்ணார். ஒரே சிந்தனையாளரின் இரு படைப்புகளுள் எதிராளி உடனிருந்து உருவானதே உரம் மிக்கது என்பது என் துணிபு.

மதரஸாவில் நாங்கள் ஓதிய ‘ரஷீதிய்யா’ என்னும் கிதாபு இவ்வேறுபாட்டுக்குப் பெயரிட்டுத் தந்திருக்கிறது. செய்யித் ஷரீஃப் ஜுர்ஜானி (ரஹ்) அவர்களின் சிற்றேட்டுக்கு, 17ஆம் நூற்றாண்டில் ஜவ்ன்பூர் அப்துர் ரஷீத் (ரஹ்) அவர்கள் வரைந்த விரிவுரை அது. உண்மை வெளிப்பட வேண்டும் என்று இருவர் வாதிப்பது முனாழரா. எதிரியின் வாயை அடைக்க வாதிப்பது முஜாதலா. உண்மையும் வேண்டாது, வெற்றியும் இன்றி, வீம்புக்கு வாதிப்பது முகாபரா. அந்நூலின் சட்டப்படி, ஒருவர் ஒன்றை நாட்டினால் எதிரில் இருப்பவர் அதற்குச் சான்று கேட்கலாம். சான்றில் ஓட்டை காட்டலாம். எதிர்ச் சான்று நிறுத்தலாம். மூன்றுக்கும் வெவ்வேறு பெயர் உண்டு. எதிராளியின் குலம், குணம், உள்நோக்கம் ஆகியவற்றைத் தாக்குவதற்கு மட்டும் அங்கே பெயருமில்லை, இடமுமில்லை.

தமிழ் மரபும் இதனை அறியாததன்று. பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதம் வகுக்கும்போது, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுரைத்துப் பின்பு களைவதனையும் ஒன்றாக எண்ணினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அவ்வழியே நடந்து காட்டினார்கள். தத்துவவாதிகளை மறுக்கப் புகுமுன், அவர்தம் கொள்கைகளை மட்டும் விளக்கி ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூல் யாத்தார்கள். அது இலத்தீனுக்குப் பெயர்ந்தபோது ஐரோப்பியர் பலர், இவரும் ஒரு தத்துவவாதியே என்று மயங்கினர். மாற்றார் கூற்றை இத்துணை நேர்மையாக எடுத்துரைக்க வல்லவரே மறுப்பதற்குரிய தகுதி பெற்றவர் அன்றோ!

அரசியல் வேற்றுமையைப் பற்றிப் பேசும்போது, இராசாசி, பெரியார் ஆகியோரின் நட்பையே நம்மவர் எடுத்துக்காட்டுவர். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் இராசாசி மறைந்தபோது பெரியார் கண்ணீர் விட்டழுதார் என்பது நாடறிந்த செய்தி. அது போற்றத்தக்கது. ஆனால், நட்பு என்பது வாய்த்தவர்க்கே வாய்க்கும் பேறு. முன்பின் அறியாதாரோடு வாதிக்க முறையே வேண்டும். நட்பு உள்ளவர்க்கும் முறை இல்லையேல் நட்பு தாங்காது. இதை நான் ஏட்டில் கற்கவில்லை.

எனக்கு இருபதாண்டு நண்பர் ஒருவர் உண்டு. தமிழாசிரியர், திருவரங்கத்து வைணவர். கம்பனை அவர் சொல்ல நான் கேட்டதும், படலம் படலமாகக் காப்பியம் அமைத்த உமறுப்புலவரின் சீறாவை நான் சொல்ல அவர் கேட்டதும் கொள்ளிடக் கரை அறியும். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது அந்நட்பு முறிந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தார்க்குக் குடியுரிமை பெற வழிகாட்டிய சட்டம் அது. இஸ்லாம் அந்த ஆறில் இல்லை. நான் கொதித்தேன். நாளேட்டில் படித்தனவெல்லாம் அவர்மேல் கொட்டினேன். அவர் எழுந்தார். ‘‘நீங்கள் வாதாடுவது என்னோடன்று, ஹஜ்ரத். எங்கோ எழுதுகிற யாரோ ஒருவரோடு. அவர் சொன்னதற்கு நான் ஏன் விடை சொல்ல வேண்டும்?’’ என்று கூறிப் போய்விட்டார்.

மாதங்கள் கழிந்தன. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ரஷீதிய்யாவை எடுத்தபோது முதல் பக்கமே என்னைக் குத்தியது. நான் செய்தது முஜாதலா. அவர் இல்லம் சென்று, ‘‘ஐயா, நீங்கள் சொல்ல வந்ததை நான் சொல்லிப் பார்க்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்’’ என்றேன். இருமுறை திருத்தினார். மூன்றாம் முறை, ‘‘ஆம், இதுதான்’’ என்றார். சமயத்தின் பெயரால் துரத்தப்பட்டவனுக்கு ஒரு வாசலேனும் திறந்திருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. அதன்பின் என் கூற்றை அவர் சொன்னார். குடியுரிமைக்குச் சமயம் அளவுகோலானால், நாளை என் பேரனின் ஆவணத்தையும் அக்கோலால் அளப்பர் என்னும் அச்சத்தை, நான் சொன்னதைவிடத் தெளிவாக அவர் சொல்லக் கேட்டபோது என் கண்கள் கலங்கின.

இருவரும் கருத்து மாறினோமா? இல்லை. ஆனால், அதுவரை இருவரும் காணாத ஒன்று புலப்பட்டது. திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஈழத் தமிழர்க்கு அச்சட்டத்தில் இடமில்லை. அவர் வாதத்தின்படியும் அது குறை. என் வாதத்தின்படியும் அது குறை. சண்டையிட்ட நாளில் எங்கள் இருவர் வாயிலும் அவர்கள் பெயர் வரவேயில்லை.

இங்கே ஒரு தடை எழும். எவன் உரிமை ஆபத்தில் இருக்கிறதோ அவனை நோக்கி, ‘பண்பாகப் பேசு’ என்பது அவன் வாய்க்குப் பூட்டிடுவதன்றோ? இத்தடை வலியது. உட்கார்ந்து பேசுவோர்க்குப் பொறுமை எளிது, அடிபட்டவனுக்கு அரிது. ஆதலின், குரலைத் தாழ்த்துவதையே பண்பு என்று நான் சொல்லேன். 1943இன் மேடையில் சூட்டுக்குக் குறைவில்லை. பண்பு என்பது, எதிராளிக்கும் சான்று கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புவது. அவன் சொல்லாததை அவன்மேல் ஏற்றாதிருப்பது. வலியவர்க்கு இக்கடமை இருமடங்கு. மெலியவர்க்கும் இது இழப்பன்று. எதிரியின் வாதத்தை உள்ளபடி அறிந்தவனுக்கே அதன் பலவீனமும் தெரியும்.

வரலாறும் இதற்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. சேலத்தில் அண்ணாவை எதிர்த்த பாரதியார், ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தித் திணிப்பை எதிர்த்தபோது அவர் பக்கமே நின்றவர். எரிக்கச் சொன்ன அண்ணா முதலமைச்சராய் இருந்த 1968ஆம் ஆண்டில், உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பனுக்கும் சிலை எழுந்தது. இன்று எதிரே நிற்பவர் நாளை அருகே நிற்கலாம். அவர் திரும்பி வருவதற்கான வழியை நம் சொல் அடைத்துவிடலாகாது.

அழகிய முறையிலே வாதிக்குமாறு திருமறை பணிக்கிறது. அழகிய முறையின் முதற்படி யாது என்று என் மாணவர் கேட்டால் இனி இவ்வாறு சொல்வேன்: எதிராளியின் கூற்றை, ‘ஆம், இதுதான்’ என்று அவரே ஒப்பும்படி சொல்லிவிட்டு, அதன்பின் மறுக்கத் தொடங்கு. அவ்வளவே. மாலையில் நண்பர் வருவார். கொள்ளிடக் கரைக்குப் போக வேண்டும். அரசியலும் பேசுவோம்.