வரியில்லா மாநிலத்தில் வந்த வரிக் கடிதம்

ஃப்ரிஸ்கோவில் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் பிரித்தபடி கிடந்தது. டெக்சஸில் ஏப்ரல் மாதத்தில் வீட்டுக்காரர்களுக்கு வரும் கடிதம் அது. உங்கள் வீட்டின் இந்த ஆண்டு மதிப்பு இவ்வளவு, ஆட்சேபணை இருந்தால் மே 15-க்குள் தெரிவியுங்கள் என்று மதிப்பீட்டு அலுவலகம் எழுதியிருந்தது. கீழே வரி வாங்குகிறவர்களின் வரிசை: கவுன்டி, நகரம், பள்ளி நிர்வாகம், சமுதாயக் கல்லூரி. "வரியே கிடையாதுன்னுதானே அண்ணா கலிபோர்னியாவ விட்டு வந்தோம்? இது என்ன?" என்று நண்பரின் மனைவி கேட்டார். ஃப்ரீமாண்டில் எட்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு வந்த குடும்பம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடையை வைத்துத்தான் அமெரிக்காவின் இந்தப் பெரிய உள்நாட்டு இடப்பெயர்வை எடைபோட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது சற்றுப் புதிய விஷயம். விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போட நம் மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபோனாலும் வருமான வரி விகிதம் அதேதான். அமெரிக்காவில் மத்திய அரசின் வரிக்கு மேல் மாநிலமும் தனியாக வருமான வரி வாங்கலாம். கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். டெக்சஸில் ஒன்றும் இல்லை. இனியும் எளிதில் வந்துவிடக் கூடாது என்று 2019-இல் வாக்கெடுப்பு நடத்தி அரசமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். 2022-இல் மட்டும் கலிபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எதிர்த்திசையில் வந்தவர்கள் சுமார் 40 ஆயிரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் கலிபோர்னியா தன் வரலாற்றில் முதல்முறையாக நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது. டெக்சஸுக்கு இரண்டு இடங்கள் கூடின.

இந்த இடப்பெயர்வைப் பாராட்டுகிறவர்களிடம் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. 1956-இல் சார்லஸ் டீபூ என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது அது. ஒவ்வோர் ஊரும் ஒரு வரியும் அதற்கு ஈடான சேவையும் தருகிறது. பிடித்த ஊருக்கு மக்கள் போய்க்கொள்வார்கள். ஆகவே வாக்குச்சாவடிக்குப் போகாமலே, நடந்து போயே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஊரை விட்டுப் போக வழி இருக்கும்வரை எந்த அரசும் மக்களைக் கேட்பாரற்றவர்களாக நடத்த முடியாது. இதை நான் மறுக்கவில்லை. நண்பரின் இரண்டு பிள்ளைகளுக்கும் இன்று தனித்தனி அறை உண்டு. ஊரிலிருந்து வரும் பெற்றோர் படியேறாமல் படுக்கக் கீழேயே ஓர் அறை உண்டு. ஃப்ரீமாண்டில் இதெல்லாம் அவர்கள் பேசக்கூட நினைக்காத விஷயங்கள். 2000-இல் 34 ஆயிரம் பேர்கூட இல்லாத ஃப்ரிஸ்கோ 2020-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது என்றால், அத்தனை குடும்பங்களும் ஏமாந்து போய்ச் சேரவில்லை.

ஆனால் அவர்களை அங்கே இழுத்தது வருமான வரிதானா?

அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்த சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங்கும் அவருடைய கூட்டாளிகளும் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களின் வரிப் பதிவுகளை 13 ஆண்டுகளுக்குப் புரட்டிப் பார்த்தார்கள். மாநிலம் மாறியவர்கள் ஆண்டுக்கு 2.4 சதவீதம். மொத்த மக்களில் மாறியவர்கள் 2.9 சதவீதம். அதாவது, வரியால் அதிகம் இழப்பவர்களே குறைவாக நகர்கிறார்கள். தொழில், வாடிக்கையாளர், உறவு, பழகிய மருத்துவர் என்று அவர்கள் வேர்விட்ட இடம் ஒன்று இருக்கிறது. வரிக்காகப் போனவர்கள் என்று சொல்லத்தக்கவர்களும் பெரும்பாலும் ஃப்ளோரிடாவுக்குத்தான் போயிருந்தார்கள். அங்கே வரிச்சலுகையோடு கடற்கரையும் இருக்கிறது. எதிர்த்தரப்புச் சான்றையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் கலிபோர்னியா உயர் வருமானத்துக்கான வரியை ஏற்றியபோது, ரவு, ஷ்யூ என்ற இரு ஆய்வாளர்களின் கணக்குப்படி, உச்சப் படியில் இருந்தவர்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 0.8 சதவீதம் பேர் மறு ஆண்டே வெளியேறினார்கள். போகாமல் இருந்தவர்களும் கணக்கில் காட்டிய வருமானத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆகவே வரிக்கு விளைவே இல்லை என்பது பொய். ஆனால் நூற்றுக்கு ஒருவரைக்கூட நகர்த்தாத காரணம் ஒன்றை லட்சக்கணக்கானோரின் பயணத்துக்கு விளக்கமாக வைக்க முடியாது.

கலிபோர்னியாவை விட்டுப் போனவர்களில் நெடுங்காலமாக அதிகம் இருந்தவர்கள் நடுத்தர, கீழ் நடுத்தர வருமானக்காரர்கள். கிடங்கில் வேலை பார்ப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர். இவர்கள் கலிபோர்னியாவில் கட்டும் மாநில வருமான வரி மிகக் குறைவு. பலருக்கு அதுவும் இல்லை. வரிக் கொள்கையை ஆராயும் ஐடெப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்கு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. டெக்சஸில் மிகக் குறைந்த வருமானமுள்ள ஐந்தில் ஒரு பங்கினர் தம் வருமானத்தில் 12.8 சதவீதத்தை மாநில, உள்ளூர் வரிகளாகக் கொடுக்கிறார்கள். உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினர் கொடுப்பது 4.6 சதவீதம். வருமான வரி போடாத அரசு கடைவரியிலும் வீட்டு வரியிலும் அதை ஈடுகட்டுகிறது. வாடகைக்கு இருப்பவரும் வாடகைக்குள் வீட்டு வரியைச் சேர்த்தே கொடுக்கிறார். கலிபோர்னியாவின் ஏழை டெக்சஸுக்குப் போனால் வரிப்பங்கு பெரும்பாலும் குறையாது, கூடவும் கூடும். ஆனாலும் அவர் போகிறார் என்றால், அவரைத் துரத்துவது வரி ஆகாது. வாடகை.

மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்களுக்கும் இதே விடைதான், தொகை மட்டும் பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவனும் மனைவியுமாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று வைப்போம். கலிபோர்னியா வருமான வரி ஏறக்குறைய 15 ஆயிரம் டாலர் வரும். டெக்சஸில் அது மிச்சம். இப்போது வீட்டுக்கு வருவோம். ஃப்ரீமாண்டில் 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 12 லட்சம் கடன் வாங்கினால், 6.5 சதவீத வட்டியில் முப்பது வருடத் தவணை மாதம் சுமார் 7,600 டாலர். ஃப்ரிஸ்கோவில் ஆறரை லட்சம் டாலர் வீட்டுக்கு 5.2 லட்சம் கடன் என்றால் மாதம் 3,300-க்குள் முடிந்துவிடும். வித்தியாசம் ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல். வரியில் மிச்சமாவது 15 ஆயிரம், வீட்டில் மிச்சமாவது 50 ஆயிரம். ஃப்ரீமாண்டில் வாடகைக்கே இருந்தவர் என்றால் இன்னொன்றும் உண்டு: அவர் மிச்சம் பிடித்த வருமான வரியில் பெரும் பகுதியை அந்த ஏப்ரல் கடிதம் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆறரை லட்சம் வீட்டுக்கு 1.8 சதவீதம் என்றாலே 11,700 டாலர்.

அப்படியானால் கலிபோர்னியாவில் வீடு ஏன் இந்த விலை? 2024 ஏப்ரலில் அங்கே விற்ற வீடுகளின் நடு விலை முதல்முறையாக ஒன்பது லட்சம் டாலரைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அங்கே வீடு கால் பணம், அது நிற்கிற மனை முக்கால் பணம். இதில் வரிக்கும் பங்கு இருக்கிறது, ஆனால் குற்றம் சாட்டப்படும் வரிக்கு இல்லை. 1978-இல் வாக்கெடுப்பில் வென்ற 'புரொப்போசிஷன் 13' என்ற திருத்தம் வீட்டு வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குக் கட்டிப்போட்டது. வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. அந்த ஆண்டு 80 ஆயிரம் டாலருக்கு வாங்கிய வீடு, சந்தையில் 15 லட்சம் போனாலும், வரிக்கணக்கில் இன்று இரண்டு லட்சம்தான். பக்கத்து வீட்டை இப்போது வாங்குகிற இளம் தம்பதி ஏழெட்டு மடங்கு வரி கட்ட வேண்டும். அதே தெரு, அதே பள்ளிக்கூடம், அதே குப்பை வண்டி.

ஓய்வூதியத்தில் வாழும் முதியவரை வரியேற்றம் வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்பதே அந்தத் திருத்தத்தின் நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விளைவு வேறாகிவிட்டது. பழைய வீட்டை விற்றால் வரிச்சலுகை பெருமளவு போய்விடும் என்பதால் பலர் விற்பதில்லை. வீடுகளால் பெரிய வருமானம் வராது என்பதால் கடைவரி தரும் வணிக வளாகங்களையே நகரங்கள் விரும்பின. ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற கட்டட விதியும், 1970-இன் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்ற நிலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. வீட்டுக்காரர்களுக்கு விலை ஏற ஏறச் சொத்து, வரியும் ஏறாது. அவர்கள் ஏன் பக்கத்தில் அடுக்குமாடி வரட்டும் என்று கை தூக்கப் போகிறார்கள்? போகிறவர்கள் நடந்து சொல்லும் தீர்ப்பு இருப்பவர்களின் காதில் விழுவதே இல்லை. டீபூவின் அழகான கோட்பாடு இந்த இடத்தில்தான் உடைகிறது.

மக்களை நகர்த்துவது வரியல்ல, வீடுதான் என்பதை டெக்சஸும் ஃப்ளோரிடாவும் மறுபுறமிருந்து உறுதி செய்கின்றன. 2022-இல் பிற மாநிலங்களிலிருந்து நிகரமாக டெக்சஸுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2024-இல் அது சுமார் 85 ஆயிரம். ஃப்ளோரிடாவில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தது 64 ஆயிரமாகச் சுருங்கியது. இரண்டு மாநிலங்களிலும் வருமான வரி அன்றும் சுழியம், இன்றும் சுழியம். மாறியவை வீட்டு விலை, கடன் வட்டி, ஆலங்கட்டி மழையும் சூறாவளியும் ஏற்றிவிட்ட வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம். பெருந்தொற்றுக் கால அவசரமும் அடங்கிவிட்டது. ஆஸ்டினில் வந்தவர்களின் கூட்டத்தால் வாடகை எகிறியது. பிறகு ஆயிரக்கணக்கில் அடுக்குமாடிகள் எழும்ப, வாடகை இறங்கியது.

வரி எதற்கு வாங்கப்படுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாதோர் விகிதம் நாட்டிலேயே அதிகமுள்ள மாநிலம் டெக்சஸ். மின்சாரம் நின்றுபோன 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 246 பேர்.

இன்னொரு குறையை யாரும் பேசுவதில்லை. பிடித்த இடத்துக்குப் போகலாம் என்ற சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவரின் பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் நிறுவனம் திருத்த மனு போட்டாக வேண்டும். கிரீன் கார்டுக்கான ஆரம்ப விண்ணப்பமும் இடத்தோடு கட்டப்பட்டது. மாறினால் சிலருக்கு முதலிலிருந்து தொடங்க நேரும். ஆகவே அதிக வாடகை கொடுத்து அங்கேயே கிடப்பவரை, அந்த ஊரின் வரியையும் விலையையும் ஏற்றுக்கொண்டவர் என்று கணக்கில் எழுதுவது அநியாயம்.

கலிபோர்னியா அசையவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜூனில் நகரங்களுக்குள் கட்டும் வீடுகள் பலவற்றுக்கு அந்தச் சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். இத்தனை பேர் போன பிறகாவது அது நடந்தது. இடப்பெயர்வின் அழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டென்றே நினைக்கிறேன். ஆனால் 'வரியைக் குறை, மக்கள் வருவார்கள்' என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் மாநிலங்கள் தவறான பாடத்தைப் படிக்கின்றன. டெக்சஸ் வென்றது வீடு கட்டியதால்.

மாறலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டில் மிச்சமாகும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாங்கப் போகும் வீட்டின் சென்ற ஆண்டு வரிச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். புதுக் குடியிருப்பு என்றால் தண்ணீர், சாக்கடைக்கான தனி வரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். காப்பீட்டுக் கட்டணத்தை வீடு பேசும் முன்பே எழுத்தில் பெறுங்கள். விசாவில் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டைத் தேடுங்கள்.