காட்சிப் பொருளும் அருவக் கோடும்

சித்திர வகுப்பிலே மேசைமேல் வைத்த பொருள்களை மாணவர் நோக்கி, அவற்றை உள்ளவாறு தீட்டாது, கோடுகளாலாய ஓர் அருவ அமைப்பாக மாற்றும் பயிற்சி பல நாடுகளிலும் பயின்று வருகின்றது. வரையக் கல்லாதார்க்கு வாய்த்த புகலிடம் இதுவென இகழ்வாரும் உளர். கற்பனைக்குத் திறந்த வாயில் இதுவெனப் புகழ்வாரும் உளர். இரு திறத்தாரும் தாளில் இறுதியாக நின்ற கோடுகளை மாத்திரமே கண்டு பேசுகின்றனர். அக்கோடுகள் எவ்வழியே வந்தன என்பதன்றோ ஆராயற்பாலது?

இப்பயிற்சிக்கு ஒழுங்கான முறை வகுத்தோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் வசிலி கண்டின்ஸ்கி ஆவர். உருசிய நாட்டிற் பிறந்த இவ்வோவியர், 1922ஆம் ஆண்டு தொடக்கம், 1933இல் அது மூடப்படும்வரை, ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிற் கற்பித்தார். அவருடைய பகுப்பு வரைதல் வகுப்பிலே, எளிய பொருள்கள் சில ஒருங்கு கூட்டி வைக்கப்பெறும். மாணவன் முதற்கண் அக்கூட்டம் முழுவதையும் அடக்கவல்ல ஓர் எளிய வடிவத்தைக் காணல் வேண்டும். அடுத்து, பொருள்களிடையே நிகழும் இழுவிசைகளைக் கோடுகளாற் காட்டல் வேண்டும். தலைமையான விசைக்குத் தடித்த கோடு, சார்ந்தவற்றுக்கு மெல்லிய கோடு. மூன்றாம் படியிலே பொருள்கள் மறைய, விசைகள் மட்டும் எஞ்சும்.

இழுவிசை என்பது வெறுஞ் சொல்லன்று. கவிழ்த்து வைத்த ஒரு கதிரையின்மேற் குடையொன்றைச் சாய்த்து, அருகில் ஒரு குடத்தை வைத்துப் பார்க்க. குடை வழுக்கி வீழ முயல்கின்றது; கதிரைக் கால் அதனைத் தடுக்கின்றது; குடமோ இவ்விரண்டையும் பொருட்படுத்தாது தன் பாரத்தோடு அமர்ந்திருக்கின்றது. குடையின் துணியையும் குடத்தின் பளபளப்பையும் வரையாது விட்டாலும் இம்மூன்று செயல்களையும் மூன்று கோடுகளிற் சொல்லலாம். அவற்றைச் சொல்லக் கண்டவன் பொருளை விட்டு ஓடியவனல்லன். மேற்றோற்றத்தைத் தீட்டுவோனிலும் அதனை அணுகியவன்.

ஆயினும் கண்டின்ஸ்கியின் முறை முழுவதையும் யாம் ஏற்றற்கில்லை. 1926இல் வெளிவந்த தமது நூலிலே அவர் கிடைக்கோட்டுக்குக் குளிர்மையும் நிலைக்கோட்டுக்கு வெம்மையும் இயல்பென வகுத்துரைத்தார். கோட்டின் குணம் இவ்வாறு முன்னரே முடிந்துவிடின், மூன்றாம் படிக்கு வந்த மாணவன் எதிரிலுள்ள பொருளை நோக்குவதற்கு மாறாக ஆசிரியரின் அட்டவணையை நோக்குவான். கதிரையாயினும் ஏணியாயினும் ஒரே விடைதான் வரும். முதலிரு படிகளிலே கண்ணைத் திறந்த முறை, ஈற்றிலே அதனை மூடுவித்தல் வியப்பே.

இதற்கு மாற்றாக ஒரு வேலையைக் காட்டலாம். பிக்காசோ பாரிசிலே மூர்லோ என்பாரின் அச்சகத்தில் 1945 டிசம்பர் தொடக்கம் 1946 சனவரி வரை ஒரே கல்லில் ஓர் எருதைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பதினொரு நிலைகளில் அச்சிட்டார். ஈற்று நிலையில் எஞ்சியவை சில கோடுகளே. இதனை மாணவர்க்குக் காட்டுவோர் முதற் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்து, குறைத்தலே கலை என்று கூறிவிடுகின்றனர். அது பிழை. தொடக்க நிலைகளிலே எருது மெலியவில்லை. பருத்துக் கறுத்துப் பாரமேறுகின்றது. அதன் பின்னரே உடல் கூறுகூறாகப் பிரிக்கப்பட்டு, தசையும் தோலும் ஒவ்வொன்றாக நீங்குகின்றன. எருதின் பாரம் இன்னதென முற்றும் அறிந்த கையே அப்பாரத்தை ஒரு கோட்டிற் றாங்க வைத்தது. தலை சிறுத்து ஒரு குறியளவாய் நின்றும் எருது எருதாகவே நிற்பது அதனாலேதான்.

பிக்காசோ அருவத்தின் வாயிலில் நின்றுவிட்டார். ஒல்லாந்தரான பீற் மொந்திரியான் உள்ளே புகுந்தார். நீலப் பின்னணியிற் செந்நிறமாய் எரியும் மரத்தை 1908 முதல் 1910 வரையிலும், சாம்பல் மரத்தை 1911இலும், பூத்த அப்பிள் மரத்தை 1912இலும் அவர் வரைந்தார். முதலாவதில் மரமே கண்ணை நிறைக்கும். சாம்பல் மரத்திலே கிளைகளுக்கிடையேயுள்ள வெளியும் கிளையளவு உறுதி பெறுகின்றது. மூன்றாவதில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி நிற்க, தலைப்பை அறியாதான் மரமெனக் கூறத் தயங்குவான். எனினும் நடுவே செறிந்து ஓரங்களில் நெகிழும் அக்கோடுகளின் நடை மரத்தின் நடையே. 1915இல் அவர் கடலையும் கடற்பாலத்தையும் சிறு கிடைக்கோடுகளாகவும் நிலைக்கோடுகளாகவும் மாற்றியபோதும் நீரின் அசைவு தாளை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்து அவர்தம் சதுரங்களைப் பார்த்தெழுதும் மாணவனிடத்தில் இந்த நெடிய பார்வை இல்லை. அவன் விடையைப் பெற்றான், கணக்கைச் செய்திலன்.

நம் வகுப்புகளிலே இப்பயிற்சி கெடுவதும் இவ்விடத்திற்றான். அளவுகோலால் ஆறு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, இடைவெளிகளுக்கு நிறமூட்டிய தாள் அழகாயிருத்தல் கூடும். அது குடத்திலிருந்து வந்ததா, குடையிலிருந்து வந்ததா என்று வினவினால் வரைந்தவனே விடை அறியான். குடத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு பெட்டியை வைத்தாற் றாளில் எந்தக் கோடு மாறும் என்று கேட்டல் நல்ல சோதனை. ஒன்றும் மாறாதெனின் அங்கே நோக்கல் நிகழவில்லை. ஆதலின் ஆசிரியர் இறுதித் தாளை மட்டும் பெற்றுப் புள்ளியிடல் தகாது. பொருளை உள்ளவாறு வரைந்த முதற்றாளையும், விசைகளைத் தேடி அழித்தெழுதிய அழுக்கான நடுத்தாளையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்விரண்டும் இல்லையெனின், மாணவனை மீண்டும் அக்கதிரையின் முன்னே இருத்துக.