ரெக்ஸ் இங்க்ரமின் சிரிப்பு

1940-இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ பற்றிப் பேச்சு எழுந்தால் நண்பர்கள் முதலில் கான்ராட் ஃபைட்டின் கண்களைத்தான் சொல்வார்கள். அடுத்தது இயந்திரக் குதிரை, தழுவியபடியே கத்தியைச் செருகும் வெள்ளிப் பதுமை, சாபுவின் துள்ளல். இசை கேட்கிறவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மிக்லோஷ் ரோஷா. எல்லாரும் எழுந்து கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவருக்குப் பூதம் ஞாபகம் வரும். எனக்கு இந்த வரிசையே தலைகீழ். ரெக்ஸ் இங்க்ரம் பூதமாக வருகிற காட்சிகளுக்காகத்தான் நான் மற்றக் காட்சிகளைப் பார்க்கிறேன்.

படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் அவர் வருகிறார். அதற்குள் அரசன் அஹமத் குருடாகி, சாபு நடித்த திருட்டுச் சிறுவன் அபு நாயாகி, இருவரும் மீண்டு, கடலில் இறங்கி, ஃபைட் நடித்த மந்திரவாதி ஜாஃபர் கிளப்பிய புயலில் சிக்கிச் சிதறியாயிற்று. ஆளில்லாத கரையில் அபு தனியே கிடக்கிறான். குப்பி ஒன்று கிடைக்கிறது. திறக்கிறான். கரும்புகை எழுந்து வானத்தை அடைத்து உருவமாகத் திரள்கிறது. மழித்த தலையில் குடுமி, கூர்க்காது, நீண்ட நகம். சுலைமான் நபி அடைத்துவைத்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. வெளியே வந்ததும் விடுதலை விடுதலை என்று முழங்கிச் சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. அது வில்லன் சிரிப்பு அல்ல. வில்லன் எதிரே நிற்பவனுக்காகச் சிரிப்பான், இங்கே எதிரே நிற்பவன் பூதத்தின் கண்ணுக்கே படவில்லை. அடிவயிற்றில் தொடங்கி, நெஞ்சில் முட்டி, மலைப்பாறைகளில் மோதித் திரும்புகிறது ஒலி. அதில் கருணையும் இல்லை, கொடுமையும் இல்லை. மடங்கிக் கிடந்த உடம்பு நிமிர்கிற சுகம் மட்டும். படத்தின் தந்திரக் காட்சிகளுக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதை லாரி பட்லரோடு ஒலிக்காக ஜாக் விட்னியும் பகிர்ந்துகொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூதத்தின் பிரம்மாண்டத்தில் பாதி காதுவழியாகத்தான் நமக்குள் வருகிறது.

இங்க்ரம் கறுப்பின அமெரிக்கர். (மௌனப் படங்கள் எடுத்த ஐரிஷ்காரர் ரெக்ஸ் இங்க்ரம் வேறு ஆள்; இருவரையும் குழப்பி எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்து மனம் நொந்திருக்கிறேன்.) கறுப்பின நடிகர்களுக்குத் தட்டு ஏந்துவதும் கதவு திறப்பதுமான வேடங்களையே ஹாலிவுட் எடுத்துவைத்திருந்த காலம் அது. 1936-இல் ‘தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ படத்தில் கடவுளாக வந்தார். 1939-இல் ஹக்கிள்பெரி ஃபின்னோடு தெப்பத்தில் போகும் அடிமை ஜிம். அடுத்தது இந்தப் பூதம். 1943-இல் ‘கேபின் இன் தி ஸ்கை’யில் சாத்தானின் மகன். கடவுள், அடிமை, பூதம், சாத்தான் என்று போகிறது அந்த வரிசை. இயல்பான மனித வேடம் எவ்வளவு அரிதாகக் கிடைத்திருக்கிறது! தென் மாநிலத் திரையரங்குகளில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்த நாட்களில், வானத்துக்கும் பூமிக்குமாக நின்று, தான் விடுதலையாகிவிட்டதாக ஒரு கறுப்பர் முழங்கியதை அந்தத் தனி இருக்கைகளிலிருந்து பார்த்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சிரித்து முடித்ததும் பூதம் பையனைக் கொல்லப் பாதத்தைத் தூக்குகிறது. ஆயிரத்தொரு இரவுகளில் இந்த இடத்தில் இருப்பவன் குடும்பஸ்தனான ஏழைக் கிழ மீனவன். கிழவனின் தந்திரத்தை எடுத்துச் சிறுவன் கையில் கொடுத்தது படத்தின் தயாரிப்பாளர் கோர்டா குழுவின் மிகப் பெரிய சாமர்த்தியம். இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்ததா, நம்ப மாட்டேன் என்கிறான் அபு. கதை நமக்குத் தெரியும். தெரிந்தும் இங்க்ரமின் முகத்தில் அந்தத் தன்மானம் உரசப்படும் கணத்துக்காகக் காத்திருக்கிறோம். நிரூபித்துக் காட்டக் குப்பிக்குள் புகுந்து மாட்டிக்கொண்ட பின் உள்ளேயிருந்து அவர் கெஞ்சும் குரலும் அதே அளவு முழுமையானது.

அப்புறம், திறந்துவிட்டதற்கு விலையாக மூன்று வரங்கள். முதல் வரத்தில் பசித்த பையன் கேட்பது சுடச்சுடப் பொரித்த சாசேஜ், அதுவும் அம்மா செய்வது மாதிரி. ஒரு ராஜ்யத்தையே கேட்டிருக்கலாமே என்று பெரியவர்கள் பதறுவார்கள், குழந்தைகள் பதறுவதில்லை. கடைசி வரம் இன்னும் அழகு. அஹமதோடு வாய்ச்சண்டை முற்றி, நீ பாக்தாதிலேயே இருந்து தொலை என்கிற பாணியில் அபு கத்திவிடுகிறான். அதுவே வரமாகிவிடுகிறது. அஹமத் மறைகிறான், கணக்குத் தீர்ந்தது, பூதம் அதே சிரிப்போடு பறந்து போகிறது. பள்ளத்தாக்கில் பையன் ஒண்டியாய் நிற்கிறான். போர் வந்து இங்கிலாந்தின் டெனம் ஸ்டூடியோவில் வேலை தடைபட்டதால்தான் படப்பிடிப்பு அமெரிக்காவுக்குப் போனது. அதனால் கிராண்ட் கேன்யன் இந்தக் கதைக்குள் வந்தது. அந்தச் செம்பாறைகள் இல்லாமல் இந்தக் கைவிடலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் கட்சி இதுதான்: இந்தப் பூதம் யாருக்கும் நண்பனல்ல. ஒப்பந்தம் உள்ளவரை மலையுச்சிக் கோயிலுக்குக் குடுமியைப் பிடித்துத் தொங்கவைத்துத் தூக்கிப்போகும், ஒப்பந்தம் முடிந்தால் திரும்பியும் பார்க்காது. குழந்தைகளுக்கு இது புரிகிறது. உலகில் பெரியதெல்லாம் அவர்களுக்கு இப்படித்தான் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில், சாயம் போன 16 மி.மீ. பிரதியில் இதைத் திரையிட்டார்கள். பூதம் காலைத் தூக்கியபோது முன்வரிசைப் பெண் குழந்தை ஒன்று எழுந்தோடி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிறகு முகத்தை எடுக்காமலே, போய்விட்டதா என்று கேட்டது. இல்லை என்றதும் திரும்பி உட்கார்ந்து கடைசிவரை பார்த்தது.

சாபுவைப் பற்றிச் சொல்லாமல் இங்க்ரமைப் பற்றிச் சொல்ல முடியாது. மைசூர்க் காராபுரக் காட்டில் பாகன் மகனாகப் பிறந்தவன், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி கண்டெடுத்து 1937-இல் ‘எலிஃபன்ட் பாய்’ படத்தில் உலகத்துக்குக் காட்டிய பையன். யானைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குப் பெரிய உடம்பை அண்ணாந்து பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூதத்தின் பாதத்தைத் தனியாகப் பெரிதாகச் செய்துவைத்து, மற்ற இடங்களில் பட்லரின் நீலத்திரை முறையால் இருவரையும் ஒரே சட்டகத்தில் ஒட்டினார்கள். டெக்னிக்கலரில் அந்த வித்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ஓரங்களில் நீலக் கசிவு தெரியும். தெரியட்டும். சாபுவின் பார்வை போய் நிற்கிற உயரம் பிசகுவதில்லை, அந்தப் பார்வைதான் பூதத்துக்கு எடை கொடுக்கிறது.

1924-இன் மௌனப் படமே உயர்ந்தது என்று வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. டக்ளஸ் ஃபேர்பாங்ஸின் தாவல்களும் வில்லியம் கேமரன் மென்ஸிஸின் வானுயர்ந்த அரங்குகளும் மகத்தானவை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே திருடனே காதலன். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பாக்தாத் திருடன்’கூட வீரத்தையும் காதலையும் ஒரே ஆளிடம்தான் கொடுத்தது. கோர்டாவின் படம் காதலை அரசனிடம் தள்ளிவிட்டு, திருட்டையும் சாகசத்தையும் சிறுவனுக்கு எழுதிவைத்தது. அதனால்தான் பூதம் சந்திப்பது ஒரு குழந்தையை. ஹாரிஹௌசன் பக்தர்கள் 1958-இன் சிந்துபாத்தைச் சொல்வார்கள். எலும்புக்கூட்டோடு நடக்கும் கத்திச் சண்டை அற்புதம்தான், அதைச் செய்த விரல்களை வணங்குகிறேன். ஆனால் எலும்புக்கூட்டுக்குக் குரல்வளை இல்லையே. மூன்று இயக்குநர்கள் பெயர் போட்ட ஒட்டுப்போட்ட படம் என்பவர்களுக்கு என் பதில்: ஒரே இரவில் முடியாத கதைகள் வேறெப்படி இருக்கும்?

1992-இல் டிஸ்னியின் ‘அலாதின்’ இந்தப் படத்திலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது. ஜாஃபரை எடுத்தார்கள். (ஹாரூன் அல் ரஷீதின் அமைச்சர் ஜாஃபர் இரவுகளின் கதைகளில் நல்லவர், பாவம், இந்த இரு படங்களால் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் துரோகியாகிவிட்டார்.) அபு என்ற பெயரை எடுத்துக் குரங்குக்கு வைத்தார்கள். மைல்ஸ் மாலெசன் நடித்த பொம்மைப் பித்தரான சுல்தானை எடுத்தார்கள். இங்க்ரமின் பூதத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பூதம் பாடுகிறது, நையாண்டி செய்கிறது, காதலுக்கு யோசனை சொல்கிறது. 2019-இல் வில் ஸ்மித்தும் அதே வழிதான். அதற்குப் பின் பார்த்த பூதங்கள் எல்லாம் பிறந்தநாள் விழாவுக்கு வந்த மாமா மாதிரி ஆகிவிட்டன. கணினி எவ்வளவு பெரிய உருவத்தை வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கும். உருவம் பெருக்கப் பெருக்கச் சுபாவம் சுருங்குகிறது. குழந்தை பயந்துவிடுமோ என்று படம் எடுப்பவர்கள் பயப்படுகிறார்கள், பயந்த குழந்தை திரும்பிப் பார்க்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இல்லை.

1945-இல் கொலம்பியா நிறுவனம் ‘எ தவுசண்ட் அண்ட் ஒன் நைட்ஸ்’ என்ற கேலிப் படத்தில் இங்க்ரமை மறுபடியும் ராட்சதனாக்கியது. ஐந்தே ஆண்டுகளில் அந்த உருவம் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. குழந்தைகளுக்குக் காட்டுவதென்றால் 1940-ஐக் காட்டுங்கள். கைபேசியில் வேண்டாம், கிடைக்கிற பெரிய திரையில். கடற்கரைக் காட்சி வரும்போது ஒலியைக் குறைக்காதீர்கள்.