‘என் சரித்திரம்’ காட்டும் படிப்பாளி

தமிழில் தன்வரலாற்று நூல்கள் மிகுதியாக இல்லை. உள்ளவற்றுள் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பலராலும் போற்றப்படுவது. ஆனால் அது போற்றப்படும் முறை பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கிறது. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த வரலாறு என்று சிலர் கூறுவர். குருபக்தியின் விளக்கம் என்று சிலர் கூறுவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தஞ்சைச் சீமை வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடி என்பாரும் உளர். இவை யாவும் பொருந்துவனவே. எனினும், சிந்தாமணி என்னும் பெயரே நூலின் பாதியைக் கடந்த பின்னர்த்தான் முக்கியத்துவம் பெறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவரை ஐயர் எதைப் பற்றி எழுதுகிறார்? எதைப் படித்தார், யாரிடம் படித்தார், படிப்பதற்கு என்ன தடை வந்தது, அடுத்து எதைப் படிக்க ஏங்கினார் என்பவற்றையே எழுதுகிறார். பதிப்பாசிரியரின் வரலாறாக இருப்பதற்கு முன்பு இந்நூல் ஒரு படிப்பாளியின் வரலாறு. அவ்வகையில் நோக்கினால், பலரும் எளிதாகக் கடந்துவிடும் ஓரிடத்தில் வேறொரு பொருள் தோன்றுகிறது.

ஐயர் 1855 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் பிறந்தார். அக்காலத்தில் ஒரு சிறுவன் தமிழ் படிக்க விரும்பினால் அவன் தேட வேண்டியது புத்தகத்தை அன்று, ஒரு மனிதரை. அச்சு நூல்கள் ஊர்ப்புறங்களுக்கு அருமையாகவே வந்தன. ஏடுகள் இருந்த வீடுகளில் அவற்றைக் கொடுப்பாரும் குறைவு; கொடுத்தாலும் சொல்லிக்கொடுப்பார் இல்லாமல் பயனில்லை. ஆகவே ஐயருடைய இளமைப் படிப்பு ஊர் ஊராகப் பெயர்ந்து செல்லும் படிப்பாயிற்று. அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச் சுவையை ஊட்டினார். பின்னர்க் குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் ஆசிரியர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீதத்தால் பிழைத்தவர். மகனும் அதையே கற்க வேண்டும் என்று விரும்பியவர். இருந்தும் மகனுடைய தமிழ்ப் பசியைக் கண்டு குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். ஒரு காரிகைப் பாடத்துக்காக ஒரு குடும்பம் ஊர் மாறியது என்பதை இன்று நம்புவது கடினம். ஐயர் இதனைத் தியாகம் என்று உரத்துக் கூறவில்லை; நடந்ததை மட்டும் கூறிச் செல்கிறார்.

1871 ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்த பின்னரும் இடர் தீரவில்லை. ஆசிரியர் கிடைத்துவிட்டார், ஆனால் பாடம் முதலில் ஆசிரியரிடமிருந்து நேரே கிடைக்கவில்லை, மூத்த மாணாக்கர் ஒருவர் வழியாகவே கிடைத்தது. அந்த நாள்களைப் பற்றிய பகுதிதான் நூலிலேயே மிக இனியது எனலாம். பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் பெருவிருப்பம். செடிகளில் புதிய தளிர் தோன்றியிருக்கிறதா என்று காலையில் பார்த்து மகிழ்வார். இதனை அறிந்த மாணவர் அவருக்கு முன்பே எழுந்து சென்று, எந்தச் செடியில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் காட்டுவார். ஆசிரியரின் மகிழ்ச்சி மெல்லப் பாடமாக மாறியது. தந்திரம் என்று கூறத்தக்க இச்செயலை ஐயர் முதுமையில் நாணமின்றி எழுதுகிறார். படிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பதினேழு வயது இளைஞனை எவ்வாறு இலைகளை எண்ண வைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அங்கே அவர் கேட்ட பாடங்கள் யாவை? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் ஆகியவை. அவற்றுள் பல பிள்ளையவர்கள் தாமே இயற்றியவை. ஒன்று முடிந்தவுடன் மற்றொன்று என்று வேகமாக ஓடியது படிப்பு. பாடம் கேட்பது, ஏடு எழுதுவது, மனப்பாடம் செய்வது ஆகிய மூன்றும் ஒன்றாகவே நடந்தன. ஆசிரியர் புராணச் செய்யுள்களை வாயால் இயற்றிச் சொல்ல, மாணவர் எழுத்தாணியால் எழுதினார். இடையில் அம்மை நோய் வந்து படிப்பு தடைப்பட்டது. வறுமையும் விடாது பின்தொடர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு கிடைத்த பின்னரே உணவுக்கவலை குறைந்தது. 1876 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தபோது, அவருடைய மாணாக்கர் படித்தவர் என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையவராக இருந்தார். 1880 ஆம் ஆண்டு தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள், வியாழக்கிழமை, அவர் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த முதலியார், என்ன படித்திருக்கிறீர் என்று வினவ, ஐயர் தாம் கற்ற நூல்களை வரிசையாகச் சொன்னார். அந்தப் பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற முறையில் அவர் பேசினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று ஐயர் ஒப்புக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சி தமிழ் வகுப்புகளில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் முதலியாரின் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது. ஐயர் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் படித்தது வீண், அன்றுதான் அவர் கண் திறந்தது என்பது அதன் கருத்து. சிற்றிலக்கியங்களின் மீது பிற்காலத்தார் கொண்ட இகழ்ச்சிக்கு இந்நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டுவாரும் உளர். ஆனால் ‘என் சரித்திரம்’ அவ்வாறு சொல்லவில்லை என்பதே உண்மை. நூலின் பின்பகுதியை முன்பகுதியோடு இணைத்துப் படிப்பவர்க்கு இது விளங்கும்.

முதலில் ஏட்டுச்சுவடியின் இயல்பைக் கருத வேண்டும். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரத்தையும் காலையும் பிரித்தறிதல் அரிது. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் புலப்படாது. ஒரே வரியை நான்கு விதமாகப் படிக்கலாம். நான்கில் எது பொருளுடையது, எது யாப்புக்கு இசைந்தது என்று படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய வரியைப் பிரித்துப் படிக்கும் பயிற்சி ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

திரிபு அந்தாதியும் யமக அந்தாதியும் அளிப்பது அந்தப் பயிற்சியையே. ஒரே எழுத்துத்தொடர் நான்கடியிலும் வந்து, ஒவ்வோர் அடியிலும் வேறு வேறாகப் பிரிந்து வேறு வேறு பொருள் தருவது யமகம். முதலெழுத்து மட்டும் மாற, ஏனைய எழுத்துகள் மாறாது நிற்பது திரிபு. இவை கவிதையாகச் சிறந்தவையா என்பது வேறு வினா. பல சிறந்தவை அல்ல என்று தயங்காமல் கூறலாம். ஆனால் இத்தகைய செய்யுள்களை நூற்றுக்கணக்கில் பாடம் கேட்டு மனத்தில் இருத்திய ஒருவருக்கு, பிரிக்கப்படாத ஓர் எழுத்துக்கூட்டத்தைக் கண்டவுடன் அதன் பல பிரிவுகளும் தோன்றும். முதலியார் பயனற்றது என்று தள்ளிய படிப்பே, முதலியார் கொடுத்த நூலைப் படிக்கும் திறமையைத் தந்தது. ஐயர் இதனை வெளிப்படையாக வாதிட்டு நிறுவவில்லை. எனினும் நூலின் போக்கு இதற்கு இடம் தருகிறது.

அப்படியானால் முதலியாரின் கேள்வி தவறானதா? அன்று. அந்தாதிகள் கண்ணைப் பழக்கின, உலகத்தைக் காட்டவில்லை. சைவ மடத்தின் நிழலில் கற்றவருக்குச் சிந்தாமணியின் சமணம் முற்றிலும் புதிது. சொல் விளங்கியது, செய்தி விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை துணை செய்தது. அதே அளவுக்கு மருட்டியும் விட்டது. அவர் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று பல இடங்களில் தெரியவில்லை. கல்லூரியில் தமிழாசிரியர் என்ற பெயருடன் வீற்றிருக்கும் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார்? தெரிந்ததைக் கொண்டு தெரியாததை மறைத்துவிடலாம். கேட்பார் யாருமில்லை. ஐயர் கும்பகோணத்தில் சமணர் வாழ்ந்த தெருவுக்குச் சென்றார். சென்ற வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணியைப் படித்து முடித்த விழா அங்கே நடைபெற்றுக்கொண்டிருந்தது. தமிழ் வித்துவான்கள் மறந்த ஒரு நூலைச் சமண இல்லறத்தார் தம் வீட்டில் வரிசையாகப் படித்துப் பூர்த்தி செய்து கொண்டாடினர்! அவர்கள் முன் மாணவராக அமர்ந்து, சமய மரபுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தம் சமயத்துக்குப் புறம்பான சமயத்தை, அதனைப் பின்பற்றுவோரிடமே சென்று, பணிவோடு கேட்டறிதல் அக்காலத்து மடங்களின் சூழலில் வளர்ந்தவர்க்கு எளிய செயல் அன்று. பின்னாளில் மணிமேகலைக்காகப் பௌத்தத்தை அறிய நேர்ந்தபோதும், கல்லூரியில் உடன் பணியாற்றிய இரங்காசாரியாரிடம் இவ்வாறே கேட்டார்.

மேற்கோள்களின் புதிர் வேறு வகையாகத் தீர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளைப் புரட்டியபோது, உரையில் எங்கோ கண்ட அடிகள் முழு நூலொன்றின் நடுவே வந்து நின்றன. அந்நூல் பொருநராற்றுப்படை. இவ்வாறே பத்துப்பாட்டும் ஏனைய சங்க நூல்களும் அவர் கைக்கு வந்தன. இங்கே துணைநின்றது நினைவாற்றல். பொருட்குறிப்பு அகராதியோ பாட்டு முதற்குறிப்போ இல்லாத காலம் அது. ஓரடியைக் கண்டதும் முன்னர் எங்கே கண்டோம் என்று மனம் சொல்ல வேண்டும். பாடம் கேட்டு உருப்போட்ட மரபு இல்லையேல் அந்தச் சுவடி வெறும் சுவடியாகவே கட்டப்பட்டிருக்கும். சிந்தாமணி 1887 இலும், பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வெளிவந்தன. இப்பதிப்புகளின் வரலாறு பலரும் அறிந்ததாதலின் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நூலின் குறைகளையும் கூறத்தான் வேண்டும். படிப்பாளியின் வரலாறு என்று கொண்டால், ‘என் சரித்திரம்’ ஒரு முக்கியமான இடத்தில் மௌனம் சாதிக்கிறது. எதைப் படித்தார், எவ்வாறு இடர்ப்பட்டார் என்று நுணுக்கமாகச் சொல்லும் ஐயர், படித்தது தமக்குள் என்ன செய்தது என்று அருமையாகவே சொல்கிறார். சிந்தாமணி முழுவதும் காதலும் வீரமும் நிறைந்து, இறுதியில் துறவில் முடிவது. அந்த முடிவு சைவராகிய அவருக்கு எவ்வாறு பட்டது? புறநானூற்றின் போர்க்களங்களும் வறுமைப் பாட்டுகளும், தாமே வறுமையில் உழன்ற அவர் நெஞ்சில் எதை எழுப்பின? வாசகர் இவற்றை அறிய விரும்புவர். விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. வியப்பு, ஆனந்தம், மனக்கலக்கம் என்ற சொற்களோடு நின்றுவிடுகிறார். மரபுவழி வந்த புலவர் தம் சுவையைத் தாமே விளக்கிப் பேசுதல் நாகரிகம் அன்று என்று கருதியிருக்கலாம். காரணம் எதுவாயினும் அது இழப்பே. மேலும், தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எவரையும் அவர் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளையவர்களின் பாடத்திட்டத்தில் பழைய காப்பியங்கள் ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்வியை அவர் எழுப்பியிருந்தால், அக்காலக் கல்விமுறையைப் பற்றி இன்னும் தெளிவு கிடைத்திருக்கும்.

1940 ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் தொடங்கிய இத்தொடர், 1942 இல் ஐயர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950 இல் நூலாக வந்தது. சொல்லப்படும் வாழ்க்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை எட்டும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் படிப்பை அவர் எவ்வாறு எழுதியிருப்பார் என்று ஊகிக்கவே முடியும்.

ஆயினும் அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஒரு பணி முதலியாரின் கேள்வியை மீண்டும் நினைவூட்டுகிறது. காப்பியங்களும் சங்க நூல்களும் அவர் பதிப்பால் நிலைபெற்ற பிறகு, தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். அதனோடு அமையவில்லை. மாயூரத்துத் தோட்டத்தில் தளிர்களைக் காட்டிப் பாடம் பெற்ற நாளிலிருந்து தாம் கேட்டுவந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் முதலியவற்றைச் சேர்த்து, ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பிரபந்தத் திரட்டு’ என்ற பெயரால் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.