பெயர்ப்பலகையும் பொய்யும்: அமெரிக்கக் கர்ப்ப ஆலோசனை நிலையங்களின் விளம்பரங்கள் பற்றிய ஒரு நோக்கு

விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் யாவும் ஓர் எளிய ஊகத்தின்மேல் எழுப்பப்பட்டவை. விற்பவன் இலாபத்தின் பொருட்டுப் பொய் சொல்லக்கூடும். வாங்குபவன் அப்பொய்யினாற் பணத்தை இழக்கக்கூடும். ஆகவே அரசு இடையே நின்று பொய்யைத் தண்டித்தல் வேண்டும் என்பதே அவ்வூகம். தலைமயிர் வளர்க்கும் தைலம் முதல் தீராத நோயெல்லாம் தீர்க்கும் மாத்திரை வரை இது பெருமளவிற் பொருந்தியே வந்துள்ளது. ஆயின், விற்பவன் காசு எதனையும் வாங்காதவிடத்து, தான் மறைப்பதை அறத்தின் பெயராலேயே அவன் நியாயப்படுத்துமிடத்து, கேட்பவர் இழப்பது பணமாக அன்றிக் காலமாக அமையுமிடத்து, இச்சட்டங்கள் யாது செய்யும்? ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தடுமாறச் செய்துவரும் வினா இதுவாகும்.

கர்ப்ப நெருக்கடி நிலையங்கள் எனப் பொதுவாக வழங்கப்படும் தாபனங்களைச் சுற்றியே இவ்வினா எழுந்தது. கருக்கலைப்பைப் பாவமெனக் கொள்ளும் கிறித்தவ அமைப்புகளாற் பெரும்பாலும் நடத்தப்படும் இந்நிலையங்களுள் முதலாவதை, றொபேர்ட் பியர்சன் என்பவர் 1967 ஆம் ஆண்டில் ஹவாயில் நிறுவினார் என்பர். 1973 இல் றோ எதிர் வேட் வழக்கின் தீர்ப்பு கருக்கலைப்பை நாடளாவிய உரிமையாக்கியதன் பின்னர் இவை பல்கிப் பெருகின. இன்று அவற்றின் தொகை இரண்டாயிரத்துக்கும் அதிகமாகும். கருக்கலைப்புச் செய்யும் வைத்திய நிலையங்களோ அத்தொகையின் பாதியையும் எட்டா. இந்நிலையங்களில் உழைப்போருட் பலர் உண்மையான இரக்கமுடையவர்கள் என்பதையும், வறிய தாய்மார் அங்கு குழந்தையுடைகளையும் அணையாடைகளையும் இலவசமாகப் பெறுகின்றனர் என்பதையும் மறுத்தற்கில்லை. தம் கொள்கையை வெளிப்படையாகப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு இத்தொண்டினைப் புரியும் நிலையங்களும் உள. அவைபற்றிச் சட்டத்துக்கோ விமர்சகனுக்கோ சொல்வதற்கு எதுவுமில்லை. சிக்கல் எழுவது, கருக்கலைப்பை நாடிவரும் பெண்ணை, அதனைத் தாமும் செய்வார்போலத் தோன்றி உள்ளே அழைக்கும் நிலையங்களாலேயே.

அழைக்கும் முறை தற்செயலாக அமைந்ததன்று. பியர்சன் 1984 இல் வெளியிட்ட கைந்நூல் ஒன்று, நிலையமொன்றுக்கு இரு பெயர்கள் இருப்பது நன்று என அறிவுறுத்திற்று. ஒன்று நன்கொடையாளருக்கு, மற்றையது கருக்கலைப்பை நாடும் பெண்ணுக்கு. ஒரே கதவின் இரு புறங்களிலும் இரு வேறு பெயர்களை எழுதும் இவ்வுத்தி, இவ்விளம்பரங்களின் இலக்கணம் முழுவதையும் தன்னுள் அடக்கியுள்ளது எனலாம். 1986 இல் வட டக்கோட்டா மாநிலத்தின் பார்கோ நகர வழக்கு இதன் விளைவுகளுள் ஒன்று. அங்கு கருக்கலைப்புச் செய்த வைத்திய நிலையமொன்றின் பெயரை ஒத்த பெயருடன் இயங்கி, அதனை நாடிய பெண்களைத் தன்பால் ஈர்த்த நிலையத்தின்மீது விதிக்கப்பட்ட தடையுத்தரவை மாநில உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிலையம் கட்டணம் அறவிடவில்லை என்ற வாதம் அங்கு எடுபடவில்லை.

பெயரை அடுத்து வருவன சொற்கள். ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா? உங்கள் தெரிவுகளை அறிந்துகொள்ளுங்கள். இலவசப் பரிசோதனை, இலவச ஸ்கான், முழு இரகசியம்’ என்ற பாங்கில் அமைந்த விளம்பரத்தை நோக்குக. இதன் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே எடுத்துப் பார்க்குமிடத்துப் பொய்யன்று. பரிசோதனை இலவசமே, ஸ்கான் கருவியும் அங்குண்டு, தெரிவுகள் பற்றியும் யாரோ ஒருவர் பேசத்தான் போகிறார். சொற்பொருளை வெளிப்படையெனவும் குறிப்பெனவும் பகுத்த தமிழிலக்கண நூலார் இவ்விளம்பரத்தைக் கண்டிருப்பின் அதன் சூட்சுமத்தை உடனே இனங்கண்டிருப்பர். பொய் வெளிப்படையில் இல்லை, குறிப்பில் உள்ளது. ‘தெரிவு’ என்னும் சொல் அந்நாட்டு அரசியலிற் பல ஆண்டுகளாகக் கருக்கலைப்பு உரிமையாளரின் கொடியாக இருந்து வந்த சொல்லாகும். அச்சொல்லைத் தலைப்பிலிட்டு, வெண்ணிற மேலங்கி அணிந்த ஒருவரின் படத்தையும் அருகில் வைத்துவிட்டால், வாசிப்பவள் எஞ்சியதைத் தானே நிரப்பிக்கொள்வாள். பொய்யைச் சொல்பவன் விளம்பரதாரனல்லன்; வாசகியையே அவன் தனக்குப் பொய் சொல்லிக்கொள்ளச் செய்கிறான்.

‘இரகசியம்’ என்ற சொல்லும் இத்தகையதே. நோயாளரின் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1996 இல் இயற்றப்பட்டது. காப்புறுதி நிறுவனங்களுடன் மின்வழிக் கணக்குக் கொள்ளும் வைத்திய சேவையாளரையே அது பிணிக்கும். எவரிடமும் கட்டணம் அறவிடாத நிலையங்கள் பல அதன் எல்லைக்குள் வாரா. எனவே, வைத்தியசாலை வாசலிற் காணும்போது சட்டத்தின் பலத்துடன் ஒலிக்கும் அச்சொல், இங்கே நல்லெண்ணத்தின் வாக்குறுதியாக மாத்திரம் நிற்கிறது. ‘இலவசம்’ என்பதன் ஈர்ப்பை விளக்கவும் வேண்டுமோ? 1976 இல் நிறைவேறிய ஹைட் திருத்தம் வறியோருக்கான கூட்டாட்சி மருத்துவ நிதியைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. பணமற்ற பெண்ணே அச்சொல்லை முதலிற் காண்பாள். விளம்பரத்தின் வலை எவரை நோக்கி வீசப்படுகிறது என்பதை இச்சொல்லொன்றே காட்டிவிடும்.

கதவுக்கு உள்ளே நிகழ்வது பற்றிய சான்றும் உண்டு. 2006 இல் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வக்ஸ்மனின் பணிப்பில் ஆய்வாளர், கூட்டாட்சி நிதிபெற்ற நிலையங்களுடன் கருவுற்ற பெண்கள்போலத் தொலைபேசியில் உரையாடினர். தொடர்பு கிடைத்த 23 நிலையங்களுள் 20 தவறான அல்லது பிழையாக வழிநடத்தும் தகவலை அளித்தன. கருக்கலைப்பினால் மார்புப் புற்றுநோய் வரும், பின்னர் மகப்பேறு வாய்க்காது என்பன போன்ற கூற்றுக்கள் அவற்றுட் சில. இவை மருத்துவ ஆய்வுகளால் ஏற்கப்படாதவை. அந்நிலையங்களுக்குச் சென்ற நிதி அரசாங்கத்தின் நிதி என்பதை மறந்துவிடலாகாது. ரெக்சாஸ் மாநிலம் 2005 முதல் தனியானதொரு திட்டத்தின் மூலம் இத்தகைய பணிக்கு நிதி ஒதுக்கி வந்துள்ளது.

இவ்வளவின் பின்னரும், ‘அப்பெண் இழந்தது என்ன?’ என்று கேட்போர் உளர். ஒரு சதமும் செலுத்தவில்லையே என்பது அவர்தம் வாதம். ஆனால் கர்ப்பம் காத்திருப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரை 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டபோது 49 நாள்வரை பயன்படுத்தவும், 2016 முதல் 70 நாள்வரை பயன்படுத்தவும் அங்கீகாரம் இருந்தது. கருவுற்றதைப் பெண்ணொருத்தி அறியும்போதே இக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். இந்நிலையில், அடுத்த வாரம் வாருங்கள், மறுபடியும் ஸ்கான் செய்து பார்ப்போம் என்று இருமுறை சொல்லப்பட்டால் மாத்திரைக்குரிய காலம் முடிந்துவிடலாம். சில மாநிலங்களிற் சட்டத்துக்குரிய காலமே முடிந்துவிடும். விளம்பரத்தின் விலை அந்த இரு வாரங்களாகும். பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம்; வாரங்களைத் திருப்பிக் கொடுக்க எந்நீதிமன்றத்தாலும் இயலாது.

இதனைத் தடுக்க எழுந்த சட்டங்கள் இருவகைப்பட்டன. நிலையம் தன்னைப்பற்றிய உண்மையைப் பலகையில் எழுதிவைக்குமாறு கட்டாயப்படுத்தியவை ஒருவகை. பொய்யான அல்லது மயக்குகின்ற கூற்றை வெளியிடலாகாது எனத் தடுத்தவை மறுவகை. முதல்வகையில் அடங்கிய பல்ரிமோர் நகரின் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நியூயோர்க் நகரின் 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமம் பெற்ற வைத்தியர் உள்ளாரா இல்லையா என்பதை அறிவிக்கும் பகுதி மாத்திரம் 2014 இல் தப்பியது. இவ்வகையிற் பெயர்பெற்றது 2015 இல் இயற்றப்பட்ட கலிபோர்னியாச் சட்டமாகும். உரிமம் பெற்ற நிலையங்கள், கருக்கலைப்பு உள்ளிட்ட சேவைகளை மாநிலம் குறைந்த செலவில் அல்லது இலவசமாக வழங்குகிறது என்ற அறிவித்தலை வைத்தல் வேண்டும். உரிமம் பெறாதவை, தமக்கு உரிமம் இல்லை என்பதைத் தம் விளம்பரங்களிலும் தெரிவித்தல் வேண்டும் என அது விதித்தது.

2018 யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் இச்சட்டம் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானதாகலாம் எனத் தீர்ப்பளித்தது. நீதியரசர் தோமஸ் எழுதிய அத்தீர்ப்பிலே நியாயமான பகுதியொன்று உண்டு. ‘உயிரைத் தெரிவு செய்க’ என்ற பொருள்பட இரண்டே சொற்களை எழுதிய பலகையும், அரசின் 29 சொற்களை, 13 மொழிகள்வரை, தன்னைச் சுற்றி எழுதிக்கொள்ள நேரும் என அது சுட்டிக்காட்டியது. அப்பலகை எவரையும் ஏமாற்றவில்லை. தன் கொள்கையை உரத்துச் சொல்பவனையும் அதனை மறைப்பவனையும் ஒரே தராசில் நிறுத்திய தவறு கலிபோர்னியாச் சட்டத்தை ஆக்கியோருடையதாகும். நல்ல நோக்கம் கொண்டோரும் சட்டத்தை அளவின்றி வரையும்போது எதிராளியின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகின்றனர்.

ஆயினும் தீர்ப்பின் மற்றைய பகுதியை ஏற்றுக்கொள்ளல் அரிது. 1992 இல் இதே நீதிமன்றம் பென்சில்வேனியா வழக்கில், கருக்கலைப்புச் செய்யும் வைத்தியர் கருவின் வளர்ச்சி பற்றியும் பிள்ளையைத் தத்துக்கொடுப்போர் பற்றியும் அரசு ஆக்கிய பிரசுரம் உண்டென்பதைப் பெண்ணுக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. வைத்தியரின் வாயில் அரசு சொற்களை இடலாம்; நிலையத்தின் சுவரில் இடலாகாது! வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் பெறுகிறார், நிலையமோ சிகிச்சை எதனையும் செய்யாதபோதும் அறிவித்தலை வைக்க வேண்டியுள்ளது என்று பெரும்பான்மையோர் வேறுபாடு கற்பித்தனர். ஸ்கான் கருவியைப் பெண்ணின் வயிற்றில் வைப்பது மருத்துவமல்லவாயின் வேறு எது மருத்துவம்? மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் பிறெயர், ஒரு சாராருக்குப் பொருந்திய விதி மறுசாராருக்கும் பொருந்த வேண்டும் என்று வாதிட்டமை இவ்விடத்திற் கருதத்தக்கது. பெண்களுக்கு அறிவிக்க விரும்பினால் மாநிலம் தன் செலவிலேயே பிரசாரம் செய்யட்டும் என்ற பெரும்பான்மையோரின் ஆலோசனை, பொய்யை உண்டாக்கியவனை விடுத்து அதனைத் துடைக்கும் செலவைப் பொதுமக்கள்மேற் சுமத்துவதாகும்.

இதிலும் ஆழமான முரண்பாடொன்று உண்டு. விளம்பரத்துக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் காப்பு அந்நாட்டில் எவ்வாறு வந்தது? 1873 ஆம் ஆண்டின் கொம்ஸ்ரொக் சட்டம் கருத்தடை, கருக்கலைப்பு பற்றிய தகவல்களை ஆபாசமெனக் கொண்டு தபாலில் அனுப்புதலைக் குற்றமாக்கியது. 1971 இல் வேர்ஜீனியாப் பத்திரிகையொன்றின் ஆசிரியரான ஜெப்ரி பிகலோ, நியூயோர்க்கில் சட்டபூர்வமாகக் கருக்கலைப்புச் செய்துகொள்ள உதவும் தாபனமொன்றின் விளம்பரத்தை வெளியிட்டமைக்காகத் தண்டிக்கப்பட்டார். 1975 இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. மறு ஆண்டில், மருந்து விலைகளை விளம்பரப்படுத்துவது பற்றிய வழக்கில் அக்கோட்பாடு முழுவடிவம் பெற்றது. அவ்வழக்குகளில் நீதிமன்றம் கூறிய காரணம் கவனத்துக்குரியது. விளம்பரம் காக்கப்படுவது சொல்பவனின் பொருட்டு மட்டுமன்று. கேட்பவருக்கு அத்தகவல் தேவை என்பதன் பொருட்டும் ஆகும். 1980 இல், மயக்கும் வணிக விளம்பரத்துக்கு அக்காப்பு இல்லை என்று மேலும் தெளிவாக்கப்பட்டது. கருக்கலைப்புப் பற்றி அறிய விரும்பிய பெண்ணின் பொருட்டுத் திறக்கப்பட்ட வாயிலே, 2018 இல் அவளிடமிருந்து தகவலை மறைப்போரின் காப்பரணாயிற்று. கேட்பவள் வழக்கிலிருந்து காணாமற் போய்விட்டாள். தீர்ப்பை வாசிக்கையில் நிலையத்தின் மனச்சாட்சி பற்றிய கவலை தெரிகிறது. வாசலில் நிற்கும் பெண் தெரியவில்லை.

மறுவகைச் சட்டத்தின் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோ நகரின் 2011 ஆம் ஆண்டுச் சட்டம் நிலையங்களை எதனையும் சொல்லுமாறு முதலில் நிர்ப்பந்திக்கவில்லை. வழங்கும் சேவைகள் பற்றிப் பொய்யாக அல்லது மயக்கும் வகையில் விளம்பரம் செய்யலாகாது என்றே விதித்தது. அந்நகரிற் கருக்கலைப்பு எங்கே கிடைக்கும் என்று கூகிளில் தேடுவோருக்குத் தன் விளம்பரம் தோன்றுமாறு பணம் செலுத்திய நிலையமொன்று வழக்காடித் தோற்றது. கட்டணம் அறவிடாவிடினும், வருவோரின் தொகையைக் காட்டியே நன்கொடை திரட்டப்படுகிறது. ஆகவே இதுவும் ஒரு சந்தையே என 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. உயர் நீதிமன்றமும் 2018 இல் அவ்வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. இலாபமின்றி விற்பவனும் விற்பவனே என்ற இந்த எளிய உண்மையை உணர்ந்தமையே அத்தீர்ப்பின் சிறப்பு.

ஆனால் இப்பாடத்தை எல்லோரும் கற்றனர் எனக் கூறுவதற்கில்லை. 2022 யூனில் றோ தீர்ப்பு நீக்கப்பட்ட பின், இல்லினோய் மாநிலம் 2023 யூலையில் புதிய சட்டமொன்றை இயற்றியது. கருக்கலைப்பை எதிர்க்கும் நிலையங்களின் ஏமாற்று விளம்பரத்தை மாத்திரம் அது குற்றமாக்கிற்று. கருக்கலைப்புச் செய்வோரின் விளம்பரத்தைத் தொடவில்லை. சில நாட்களிலேயே நீதிபதி அதனை இடைநிறுத்தினார். அவ்வாண்டு திசெம்பரில் மாநிலமே நிரந்தரத் தடைக்கு இணங்கியது. எவர் சொன்னாலும் பொய் பொய்யே என்று எழுதியிருந்தால் அச்சட்டம் தப்பியிருக்கக்கூடும். நுகர்வோரை ஏமாற்றுவதற்கெதிரான பொதுச் சட்டம் அம்மாநிலத்தில் முன்னரே இருந்தது என்பதையும் நோக்குமிடத்து, புதிய சட்டத்தின் வேகத்தில் அரசியல் ஆரவாரமும் கலந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

இதற்கிடையில், அரசுகள் சட்டத்தால் எழுத முனைந்து தோற்ற வாசகத்தை வேறொரு கை எழுதியது. 2019 யூனில் கூகிள் நிறுவனம், ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கருக்கலைப்புப் பற்றிய தேடற்சொற்களுக்கு விளம்பரம் செய்வோர் முன்கூட்டியே தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என விதித்தது. ‘கருக்கலைப்புச் செய்கிறது’ அல்லது ‘கருக்கலைப்புச் செய்வதில்லை’ என்ற குறிப்பு அவ்விளம்பரங்களிற் சேர்க்கப்பட்டது. பல்ரிமோர் நகரம் ஒன்பது ஆண்டுகள் போராடியும் சுவரில் நிலைநிறுத்த முடியாதுபோன அறிவித்தலின் சாரம் இதுவே. அதனை எழுத எந்தச் சட்டமன்றமும் வாக்களிக்கவில்லை. அதனை அந்நிறுவனம் ஒருநாள் அழித்துவிட நினைத்தால், மேன்முறையீடு செய்வதற்கு ஒரு நீதிமன்றமும் இல்லை.